கத்தியவரே எடுத்துக்கொள்ள வேண்டும்

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் நீ பெஞ்சைத் தட்டி எழுந்து ஏதோ சொன்னாய். அன்றிலிருந்து திருவிருந்து அப்பம் எடுப்பதில்லை, ஜெபிப்பதில்லை, பாடுவதில்லை. சபைக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிடுகிறாய். மாப்பிள்ளை போனில் சொன்னது இவ்வளவுதான்.

"அப்படி என்ன சொன்னா?" என்று கேட்டேன். "அதை அவளே சொல்லட்டும் மச்சான்" என்று வைத்துவிட்டார். பஸ் ஓட்டுகிற மனுஷன், என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

உனக்குப் போன் போட்டால் அழுகிறாய். அழுகையைக் கேட்டு எந்தச் சரக்கையும் மதிப்பிட முடியாது. அதனால் எழுது. யாரைத் திட்டினாய்? போதகரையா? பாட்டு நடத்துகிற அந்த அம்மாவையா? திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்.

இங்கே பம்பு மோட்டார் வியாபாரம் பரவாயில்லை. என் முழங்கால்தான் படியேறும்போது தனியாகக் கணக்குக் கேட்கிறது. அண்ணி சுகம். உன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் அண்ணன்

*

ஜனவரி 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மாத்திரை போடுகிறேன்.

நான் போதகரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருப்பேன். நான் பேசியது மனுஷருக்கு விரோதமாக அல்ல. ஒரே ஒரு பாவத்துக்கு இந்த உலகத்திலும் மன்னிப்பு இல்லை, வரப்போகிற உலகத்திலும் இல்லை என்று ஆண்டவரே தம் வாயால் சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட வசனம். யாருக்கோ சொன்னது என்று இருந்துவிட்டேன். எனக்குச் சொன்னதாம்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணியிடம் சொல்லி எண்ணெய் சூடு காட்டித் தேய்க்கச் சொல்லுங்கள்.

தம்பி சுருட்டை அங்கே வந்தானா?

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். எண்ணெய் தேய்த்தாயிற்று. வாசனைதான் வருகிறது, வலி போகவில்லை.

உன் கடிதங்களின் தலையில் "கர்த்தருடைய கிருபையால்" என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை. தினமும் பார்க்கிற கடைப் பலகை மாதிரி தாண்டிப் போய்விடுவேன். இந்தத் தடவை அது இல்லை. பலகையைக் கழற்றிவிட்டால் கடையே வேறு கடை மாதிரி தெரியும் பார், அப்படி இருந்தது.

மன்னிப்பே இல்லாத பாவம் என்று ஒன்று இருக்கிறதா என்று அண்ணி போகிற சபையின் போதகரிடம் கேட்டேன். பாவம், அவர் சபைப் பம்பு ஓடவில்லை என்று கடைக்கு வந்தவர். பேரிங்கைக் கழற்றிக்கொண்டே கேட்டதில் ஆடிப்போய்விட்டார்.

"இருக்குங்க. பரிசுத்த ஆவியானவரைப் பழிச்சுப் பேசுற தூஷணம்."

"என் தங்கச்சி அதைச் செஞ்சிட்டேன்னு பயப்படுறா."

"பயப்படுறாங்கன்னா அவங்க அதைச் செய்யலைங்க."

எனக்குத் திருப்தி இல்லை. வாங்கின மோட்டார் புகையுது என்று வருகிறவர்களிடம் நானும் இதே குரலில்தான் "கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பேன்.

நீ சொன்ன வார்த்தை என்ன? அது தெரியாமல் நான் எதையும் சொல்ல முடியாது.

சுருட்டை இங்கே வரவில்லை. வந்தால் ஷட்டர் பாதி இறங்கும், நின்றால் முழுக்க இறங்கும். என் கூடப் பிறந்த தம்பிதான், இல்லை என்று சொல்லவில்லை. பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்து, என் கடைப் பெயரைச் சொல்லிப் புதுசு என்று விற்றுக் குடித்தவனும் அவன்தான். அவன் பேச்சு இங்கே எதற்கு?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இடுப்பு வலிக்கு அந்தப் பஸ் சீட்டை மாற்றச் சொல்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அவருடைய சீட்டை மாற்றியாயிற்று.

அவன் பேச்சுதான் இங்கே எல்லாமே. டிசம்பர் ஆரம்பத்தில் சுருட்டை என் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். அவன் மேல் குடி வாடை இல்லை. நான் எதுவும் கேட்காமல் பின் அறையில் பாய் போட்டுக் கொடுத்தேன். வேலைக்குப் போனான், வந்தான், கொஞ்சமாகப் பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில், தான் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தான்.

உங்களுக்குத் தெரியும், இதே சபையில் முன்பு மூன்று தடவை சாட்சி சொன்னவன். மூன்று தடவையும் தேம்பித் தேம்பி அழுதான். மூன்று தடவையும் அடுத்த வாரமே அவன் கக்கியதை நான் அள்ளினேன். இந்தத் தடவை அழவில்லை. யாரை ஏமாற்றினான், எப்படி ஏமாற்றினான், ஒவ்வொன்றாகச் சொன்னான். உங்களைச் சொன்னான், என்னைச் சொன்னான். தன்னைத் தூக்கிக்காட்ட ஒரு வார்த்தையும் இல்லை. ஆவியானவர் என்னைத் தொட்டார், இப்போது தாகம் இல்லை என்றான்.

அண்ணா, அப்போது என் பக்கத்தில் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாரும் இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. இது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகத் தெரிந்துவிட்டது. முன் வரிசையில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஒரு ஞாயிறு தப்பாமல் வந்து தரை கூட்டிய என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கண்ணைத் துடைத்ததில்லை. அந்த நினைப்பு வந்தது. உடனே எழுந்து, மோட்டார் சந்தையில் தட்டுவது போல உள்ளங்கையால் பெஞ்சை ஓங்கித் தட்டி, "பெயின்ட்!" என்று கத்தினேன். "லோடு போட்டுப் பாருங்க, தெரியும். இவனைத் தொட்டது ஆவியானவர் இல்லை, பிசாசு!"

தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன். போதகர் சொன்ன சமாதானம் தெரியாமல் சொன்னவர்களுக்கு.

அவன் சாட்சியைப் பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

முழங்கால் வலியோடு படியேறாதீர்கள். கிடங்குச் சாவியைப் பையனிடம் கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா? நான் சுகம்தான். உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு முறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை.

விஷயத்தை நேராகப் பார்ப்போம். சுருட்டை போலி என்றால் நீ கத்தியது உண்மை. உண்மையைச் சொல்வது எந்தக் கணக்கிலும் தூஷணம் ஆகாது. பெஞ்சு பக்கத்தில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது, புல்லரித்தது என்பதெல்லாம் சாப்பிடாமல் சபைக்குப் போனால் எனக்கும் வரும். மூன்று தடவை ஏமாற்றியவன் நான்காவது தடவை அழாமல் ஏமாற்றப் பழகியிருப்பான். தொழிலில் எல்லாரும் முன்னேறத்தான் செய்வார்கள்.

பழைய மோட்டார் சந்தையின் முறை உனக்குத் தெரியும். நீ சின்னப் பெண்ணாக என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கற்றதுதான். வெறும் பூச்சு என்று மோட்டாரைத் தட்டி, "பெயின்ட்" என்று கத்தினால் அதோடு முடிவதில்லை. எல்லார் முன்னாலும் தொட்டியில் குழாயை இறக்கி, லோடு போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா சுற்றச் சொன்னால் எந்த மோட்டாரும் சுற்றும். தண்ணீர் வரவில்லை என்றால் விற்கிறவன் மூட்டையைக் கட்ட வேண்டும். வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் "இழுக்குது!" என்பார்கள். பிறகு கத்தியவரே, விற்கிறவன் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் குடும்பத்தில் யாரும் இதுவரை அப்படி எடுத்ததில்லை. நம் கண்ணு அப்படி.

நீ கத்தினாய். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதனால் உனக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை.

இந்த மாதக் கடைசியில் சரக்கு எடுக்க வெளியூர் போகிறேன். பதில் தாமதமானால் கவலைப்படாதே. மாத்திரையை மறக்காதே.

உன் அண்ணன்

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நீங்கள் சரக்கு எடுக்கிற மாதம் இல்லை. எனக்குத் தெரியாதா?

அவனைத் தேடிப் போகாதீர்கள். அவன் குடித்துவிட்டு எங்கேயாவது விழுந்து கிடக்கிறான் என்று நீங்கள் எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பார்த்தேன். நான் கத்திய வார்த்தையைவிட அது எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஒன்றரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணியிடம் கேட்டால், "வந்துட்டாரும்மா, ஆனா வந்ததிலிருந்து பேச்சில்லை. கடையில ஒரு ஆளு விலையைக் குறைச்சுக் கேட்டாரு, சரின்னு குடுத்துட்டாரு. எனக்கே பயமா இருக்கு" என்கிறார்.

நான் வாரம் தவறாமல் சபை வாசலில் நிற்கிறேன். உள்ளே அப்பம் கை மாறிப் போவது தெரியும். பின் வரிசைக் குழந்தை ஒன்று திரும்பி என்னையே பார்க்கும். கதவை யாரும் சாத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் அகலத் திறந்துதான் வைக்கிறார்கள். திறந்த கதவு இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

என்ன பார்த்தீர்கள்? எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

மே 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

சுருட்டையைத் தேடித்தான் போனேன். உனக்குத் துணையாக அல்ல, அவன் போலி என்று நிரூபிக்க. நிரூபித்துவிட்டால் நீ தப்பித்தாய். அந்த ஒரே எண்ணம்தான்.

விசாரித்து விசாரித்துப் போனதில், வெளியூர்ப் பஸ் நிலையம் ஒன்றுக்குப் பின்னால், எரிந்த மோட்டாரைப் பிரித்துப் புதுக் காயில் கட்டுகிற ஒரு பட்டறையில் இருந்தான். நீள ஷெட், தரையெல்லாம் தாமிரக் கம்பித் துணுக்கு. முதலில் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஓர் ஆளை அனுப்பி, பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் இரட்டைக் கூலி என்று சொல்ல வைத்தேன். அந்த ஆள் திரும்பி வந்து, "காயில் மட்டும்தான் கட்டுவானாம். பெயின்ட் அலமாரிச் சாவிகூட அவன்கிட்ட இல்லையாம்" என்றான்.

சும்மா சுற்றுகிறது என்று நினைத்தேன். லோடு போடவேண்டியவன் நான்தானே? அவனுக்கு என்னைவிடப் பெரிய பாரம் யார்? எழுந்து போனேன். பட்டறை முதலாளி, வேலையாட்கள், நாலு வாடிக்கையாளர்கள், எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்: "இவன் திருடன். என் பெயரை வித்துக் குடிச்சவன்."

ஒரு வார்த்தைக்குக் கடைக் கண்ணாடியை உடைத்தவன் அவன். உனக்கு நினைவிருக்கும். கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஆமாண்ணா" என்றான்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க? வேலை கேட்டு வந்த அன்னிக்கே அவனே சொல்லிட்டானே. பெயின்ட் சாவி மட்டும் என்கிட்ட குடுக்காதீங்கன்னான். அதை நீங்களே வச்சிருங்கன்னான்."

அவன் கட்டிய மோட்டார்கள் சுவரோரமாக வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பெயின்ட் இல்லை. துரு தெரிய, பழைய கீறல் தெரிய, அப்படியே. "இது எதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியணும்ல" என்றான். ஒன்றைத் தூக்கித் தொட்டியில் இறக்கி ஸ்விட்சைப் போட்டான். பார்க்க அவ்வளவு அசிங்கமான மோட்டார். குழாய் ஒரு தரம் உதறியது, பிறகு தண்ணீர் கை தடிமனுக்கு வந்து விழுந்தது.

ஆயிரம் மோட்டாரைப் பார்த்தவன் நான். "இழுக்குது" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்தது மோட்டாரை இல்லை. பதினைந்து வருஷம் நானும் நீயும் அடித்து, அழுது, பூட்டி, விரட்டி, ஒரு நூல்கூட அசைக்க முடியாத ஒன்றை யாரோ உள்ளே கைவிட்டு, பழைய காயிலை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அது யார் வேலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஷெட்டில் செருப்போடு நின்றதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"அக்கா தட்டினதும் எனக்கு வலிச்சது. ஆனா முன்னாடி மூணு தடவை நான் நடிச்சப்ப யாராவது இப்படித் தட்டியிருக்கலாமேன்னு தோணுச்சு."

"அப்புறம் ஏன்டா ஓடிவந்தே?"

"ஓடலண்ணா. லோடு போட்டுப் பாருங்கன்னு அக்காதானே சொன்னாங்க? அவங்க வீட்டு நிழல்ல என்ன லோடு இருக்கு? அதான் இங்க வந்தேன்."

நீ மன்னிப்பு இல்லை என்று வாசலில் நிற்பதைச் சொன்னேன். அப்போதுதான் அவன் கண் கலங்கியது. "காலையில ஜெபிக்க உட்கார்ந்தா முதல்ல அக்கா பேருதான் வருது. நானா ஆரம்பிக்கிறதில்ல, அதுவா வருது. அக்கா வேண்டாம்னு அவர் முடிவு பண்ணியிருந்தா, அந்தப் பேரை ஏண்ணா என் வாயில வைக்கணும்?"

ஊர் திரும்பி, வேதத்தில் அந்த வசனம் வருகிற பகுதியை நானே எடுத்துப் படித்தேன். ஒப்பந்தம் படிக்கிற மாதிரி, முன்னும் பின்னும் விடாமல். நீ பின்பாதியைத்தான் எழுதினாய். முன்பாதியை யாருமே படித்த மாதிரி தெரியவில்லை. எந்தப் பாவமும் எந்தத் தூஷணமும் மனுஷருக்கு மன்னிக்கப்படும் என்கிறார். எந்தப் பாவமும்! நான் வாரண்டி அட்டை அடிக்கிறவன். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரியில் கொடுப்பேன், கீழே பொடி எழுத்தில் இருபது வரியில் திரும்ப வாங்கிக்கொள்வேன். இங்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்றை ஒதுக்குகிறார். அதையும் பொடி எழுத்தில் ஒளிக்கவில்லை, முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இப்படி யாரும் வியாபாரம் செய்ததில்லை. இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வந்த ஆளுக்குத்தான் விலையைக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஒன்று யாருக்குச் சொன்னது? ஆண்டவர் ஒருவனைக் குணமாக்கியதைக் கண்ணால் பார்த்தும், அது பிசாசுகளின் தலைவன் வேலை என்றவர்களுக்கு. இதுவரை நீயும் அவர்களும் ஒன்றுதான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சுருட்டை உண்மை, நீ கத்தியது பொய், தெரிந்தே கத்தினாய். ஆனால் அவர்கள் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவே இல்லை. அவர்களில் ஒருவராவது வாசலில் நின்று அழுததாக எழுதியிருக்கவில்லை. போதகர் சொன்னது சரிதான். நான்தான் அதைக் கடைக்காரன் சமாதானமாகக் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும் கேள். மன்னிப்பு கிடையாது என்று நீயே முடிவு கட்டி, கேட்காமலேயே கடைசிவரை இருந்துவிட்டால், அப்போதுதான் உனக்கு மன்னிப்பு இல்லாமல் போகும். அந்தப் பக்கம் யாரும் ஷட்டரை இறக்கவில்லை. உள்ளே இருந்து நீதான் இறக்குகிறாய். எனக்கு ஷட்டர் சத்தம் நன்றாகத் தெரியும்.

கேள். சாப்பிடு. தூங்கு.

உன் அண்ணன்

*

மே 25

கர்த்தருடைய கிருபையால்,

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் நலம்தானே?

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. கேட்க வாய் வரவில்லை. காய்ந்து கிடந்த பம்பை அப்படியே ஓட்டக் கூடாது, முதலில் நாம் ஒரு குடம் ஊற்றினால்தான் அது மேலே இழுக்கும் என்று நீங்கள் சின்ன வயதில் காட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. என்னிடம் ஒரு குடம்கூட இல்லையே என்று நினைத்தேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மனதில் எதுவும் இல்லாமலேயே "மன்னியும்" என்றேன். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. குழாய்ச் சத்தம்தான். குழாயை மூடினேன். அன்றைக்குப் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரே, அதே மாதிரி. ஆனால் இந்தத் தடவை வந்த மாதிரி இல்லை அண்ணா. இவ்வளவு நாளும் அங்கேயே இருந்த மாதிரி. நான் வாசலில் நின்றபோதும், உங்களுக்கு அந்தக் கடிதமெல்லாம் எழுதியபோதும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் வந்து, "என்ன, பிளேட்டு உடைஞ்சிருச்சா?" என்றார்.

இன்னும் உள்ளே போகவில்லை. முதலில் முடிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சந்தை முறைப்படி, கத்தியவள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் என்ன விலை கேட்கிறான் என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

ஜூன் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதத்தின் தலையில் இருந்த வரியைப் படித்தேன். கடையைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

பட்டறைக்கு நானே போனேன். முழங்கால் இப்போது பரவாயில்லை, இல்லாவிட்டாலும் போயிருப்பேன். மன்னிப்புக்கு யாரும் விலை கேட்கவில்லை, அது உனக்குத் தெரியும். இது சுருட்டைக்கான விலை.

"அக்கா உன்னை எடுத்துக்கிறாளாம். என்னடா வேணும்?" என்றேன். கம்பியைச் சுற்றிக்கொண்டே யோசித்தான்.

"ஒரு வார்த்தை போதும்ணா."

"எனக்கு? நான் கத்தக்கூட இல்லை. ஷட்டரைத்தான் இறக்கினேன். அதுக்கு என்ன விலை?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. நேரில் பார்.

பேசி முடித்தது இது. இந்த மாதக் கடைசி ஞாயிறு அவன் வருவான். நீ உள்ளே போய் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். அவன் எழுந்து, அன்று பாதியில் நின்ற சாட்சியை முடிப்பான். முடித்ததும் நீ அதே மாதிரி உள்ளங்கையால் தட்டி, அதே சத்தத்தில், எல்லாருக்கும் கேட்க "இழுக்குது" என்று சொல்ல வேண்டும். அன்று அப்பம் அவன் கையிலிருந்து உன் கைக்கு வரும், நீ வாங்கிக்கொள்ள வேண்டும். வார நாட்களில் அவன் பட்டறையில்தான் இருப்பான், சனிக்கிழமை மாலை உன் வீட்டுப் பின் அறை. பெயின்ட் சாவி கடைசிவரை அவனிடம் கிடையாது. என் பங்குக்கு, அன்று நான் ஷட்டரை முழுக்கத் தூக்கிவைத்துவிட்டு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். உனக்குப் பக்கத்தில், ஆனால் அன்று உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு நடுவில் இடம் விட்டு.

இதற்கு மேல் குறைக்க மாட்டேன் என்றான். நான் பேரம் பேசவில்லை.

உன் அண்ணன்